124 மி.மீ. அகல ஸ்கீ வாங்கலாமா?

கேள்வி: வான்கூவர் பக்கத்தில் பர்னபியில் இருக்கிறேன். வயது 34, எடை 78 கிலோ, உயரம் 176 செ.மீ. பன்னிரண்டு வருடமாகப் பனிச்சறுக்குப் பழக்கம். விஸ்லர் பிளாக்கோம்பில் சீசன் பாஸ் வைத்திருக்கிறேன். இப்போது கையில் இருப்பது காலடியில் 98 மி.மீ. அகலம், 180 செ.மீ. நீளம். புதுப்பனி விழுந்த நாளில் மேலே உள்ள பெரிய சரிவுகளில் வேகமாக இறங்கினால் முன்முனை அமிழ்கிறது. நாலு பேர் போய் பனி குலைந்த பிறகு, ஸ்கீ இங்கும் அங்குமாகத் தூக்கி எறிகிறது. ஒரு கடையில் 124 மி.மீ. அகலம், 184 செ.மீ. நீளத்தில் ஒன்றைக் காட்டி, அகலம் கூடக் கூட வேகமாகப் போகலாம் என்கிறார்கள். இன்னொருவர் பழையது ஒன்றை பைண்டிங்கோடு (பூட்டை ஸ்கீயில் பிடித்து வைக்கும் பூட்டு) பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். எதை வாங்குவது? 54 கிலோ எடையுள்ள என் மனைவிக்கும் அதே மாடலில் சின்ன சைஸ் சரிவருமா?

பதில்: 124 வேண்டாம். 112 முதல் 118 மி.மீ.க்குள் அகலம், 188 முதல் 192 செ.மீ.க்குள் நீளம், ஒற்றை ஸ்கீ 2,200 கிராமுக்குக் குறையாத எடை. இப்படி ஒன்றைத் தேடுங்கள்.

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். கடைக்காரர் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே மருந்து கொடுக்கிறார். முனை அமிழ்வதற்குக் காரணம் பரப்பளவு போதாதது. குலைந்த பனியில் தூக்கி எறிவதற்குக் காரணம் ஸ்கீயின் நீளமும் எடையும் விறைப்பும் போதாதது. அகலம் முதலாவதைத்தான் தீர்க்கும்.

முதலாவதையும் எவ்வளவு தீர்க்கும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூட், உடை, பை எல்லாம் சேர்த்து உங்களை 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இப்போதைய ஜோடியின் பரப்பில் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 23 கிராம் சுமை இறங்குகிறது. 115 மி.மீ. அகலம், 190 செ.மீ. நீளம் என்று மாற்றினால் அது சுமார் 19 கிராமாகக் குறையும். நன்றாகவே தெரியும் வித்தியாசம் அது. முனை மேலே வந்துவிடும். அங்கிருந்து கடைக்காரர் காட்டும் 124-க்கு, 184 செ.மீ. நீளத்தில் போனால், ஒரு கிராம்கூட முழுதாகக் குறையாது. அந்த முக்கால் கிராமுக்காக 6 செ.மீ. நீளத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். வேகமாகப் போகிறவருக்கு நீளம்தான் கைப்பிடி.

விஸ்லரின் பனியையும் பாருங்கள். பசிபிக் கடலின் ஈரத்தோடு வந்து விழும் பனி அது. உட்பகுதி மலைகளில் விழும் பஞ்சுப்பொடி மாதிரி இருக்காது, கனமானது. புயல் ஓய்ந்த மறுநாள், ரோந்துக் குழு வெடி வைத்து மேல் சரிவுகளைப் பாதுகாப்பாக்கிய பிறகுதான் உச்சிக்குப் போகும் பீக் லிஃப்டைத் திறப்பார்கள். அதற்குள் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்பார்கள். திறந்து ஒரு மணி நேரத்தில் விஸ்லர் பவுல் என்ற அந்த மேல் சரிவு உழுத வயல்தான். முழங்கால் உயரக் குவியல், அடுத்து வழித்தெடுத்த பள்ளம், மறுபடி குவியல். கைபடாத பவுடரில், அதாவது யாரும் மிதிக்காத புதுப்பனியில், நீங்கள் இறங்குவது ஒன்றோ இரண்டோ தடவை. மிச்சம் ஐந்து மணி நேரமும் இந்த வயலில்தான். அதனால் குலைந்த பனியை மனதில் வைத்து வாங்குங்கள்.

அந்தக் குவியலில் 50 கி.மீ. வேகத்தில் ஒரு ஸ்கீயின் முனை மோதும்போது என்ன ஆகிறது? இலேசான ஸ்கீ என்றால் குவியல் ஸ்கீயைத் தள்ளும். கனமானது என்றால் ஸ்கீ குவியலைத் தள்ளும். கார்பன் சேர்த்து 1,700 கிராமுக்கு இறக்கிய அகல ஸ்கீகளை இப்போது எல்லோர் தலையிலும் கட்டுகிறார்கள். ஒரு கையால் தூக்கிப் பார்க்கும்போது சுகமாக இருக்கும். ஸ்கீயின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு நடந்தே மலையேறுகிறவர்களுக்கு அது சரி. லிஃப்டில் ஏறி வேகமாக இறங்கும் உங்களுக்கு அந்த 500 கிராம் வேண்டும். டைட்டானல் என்று சொல்லும் அலுமினியக் கலவைத் தகடு உள்ளே இருந்தால் இன்னும் நல்லது. அது அதிர்வை விழுங்கும்.

விறைப்பை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இத்தனை வருடத்தில், எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஓர் அளவுகோலில் விறைப்பு எண் அச்சிட்ட ஸ்கீ ஒன்றைக்கூட நான் கடையில் பார்த்ததில்லை. மூட்டை அரிசிக்கு எடை போடுகிறார்கள், ஆயிரம் டாலர் சாமானுக்கு 'ஆக்ரோஷம்', 'விளையாட்டுத்தனம்' என்று பெயரடை போடுகிறார்கள். எடையையாவது ஒழுங்காகச் சொல்கிறார்களா என்றால், ஒருவர் ஒற்றைக்குச் சொல்வார், இன்னொருவர் ஜோடிக்குச் சொல்வார். நீளமும் அப்படித்தான். 190 என்று போட்டிருப்பதை டேப் வைத்து முனையிலிருந்து வால்வரை நேராக அளந்தால் 188, சில சமயம் 187. முனை வளைவதற்கு முன் எடுத்த அளவைச் சிலர் போடுகிறார்கள். டேப்போடு கடைக்குப் போங்கள், வெட்கப்பட வேண்டாம். விறைப்புக்கு உங்கள் கைதான் கருவி. வாலைத் தரையில் ஊன்றி, முனையை ஒரு கையால் பிடித்து, நடுவில் மறு உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். நடு அசையக் கூடாது. வால் மெல்ல வளைந்து கொடுக்கலாம். நூடுல்ஸ் மாதிரி வளைந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

ராக்கர் என்பது முனை முன்கூட்டியே மேல்நோக்கி வளைந்திருப்பது. பவுடருக்கு அது அவசியம். பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்கான்கி வடிவமைத்த வோலன்ட் ஸ்பாட்டுலா என்ற ஸ்கீ 2002-இல் வந்தபோதுதான், ஸ்கீயை வாழைப்பழம் மாதிரி முழுக்க மேல்நோக்கி வளைக்கலாம் என்பது பலருக்கு உறைத்தது. காலடியில் 125 மி.மீ. அகலம் கொண்ட ஸ்கீ அது. நீர்ச்சறுக்குப் பலகையிலிருந்து வந்த யோசனை. ஆழமான பனியில் அற்புதம். ஆனால் கெட்டியான தரையில் அப்படி முழுக்க வளைந்த ஸ்கீக்குப் பிடிமானம் மிகக் குறைவு. உங்களுக்கு முன்முனையில் ராக்கர், காலடியில் பழைய மாதிரி தரையை விட்டு லேசாக எழும்பிய மேடு, வாலில் கொஞ்சமே வளைவு என்பது போதும். ராக்கர் நீளும் அளவுக்குக் கெட்டிப் பனியில் உங்களைப் பிடிக்கும் எட்ஜ், அதாவது ஓரத்து உலோக விளிம்பு, குறையும். நான் 190 என்று அடம்பிடிப்பது அதனால்தான்.

திரும்பும் ஆரம், அதாவது ஸ்கீ தானாக வளைந்து வரையும் வட்டத்தின் ஆரம், 23 மீட்டருக்கு மேலே இருக்கட்டும். 18 மீட்டர் ஸ்கீ வேகத்தில் நீங்கள் கேட்காமலே திரும்பப் பார்க்கும். அச்சிட்ட ஆரம் எந்தச் சைஸுக்கு உரியது என்று கேளுங்கள், பல மாடல்களில் சைஸுக்குச் சைஸ் மாறும். பைண்டிங் பொருத்தும் கோடு ஸ்கீயின் நட்ட நடுவிலிருந்து 7 முதல் 10 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். 2, 3 செ.மீ.தான் பின்னால் என்றால் அது பின்பக்கமாகவும் இறங்கித் தாவி விளையாடுகிறவர்களுக்குச் செய்தது. உங்கள் முன்னால் போதிய முனை இருக்காது.

இன்னொரு விஷயம், முழங்கால். அகலமான ஸ்கீயைக் கெட்டிப் பனியில் எட்ஜில் நிறுத்தினால், எட்ஜ் உங்கள் பாதத்தின் நடுவிலிருந்து தள்ளி நிற்கிறது. 124-இல் அந்தத் தூரம் 62 மி.மீ. அந்த நெம்புகோலை முழங்கால்தான் தாங்குகிறது. சாயங்காலம் 675 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்வரை இறங்கி வரும்போது, கீழ்ப்பாதி நனைந்து உறைந்த தரைதானே.

சரி, அந்தப் பாதி விலை ஆசாமி. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். போன குளிர்காலம் ஓர் இளைஞர் 118 மி.மீ. ஜோடி ஒன்றைக் கடையில் ஸ்கீ பழுதுபார்க்கும் என் மேசைக்குக் கொண்டுவந்தார். ஒரே ஒரு தடவைதான் பைண்டிங் போட்டது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பின் பைண்டிங்கைப் பிடித்து மெல்ல அசைத்தேன். தளத்தோடு ஒட்டி நிற்க வேண்டியது, காகிதத் தடிமனுக்கு மேலே எழும்பி இறங்கியது. பக்கத்தில் ஒட்டியிருந்த அழகான ஸ்டிக்கரைச் சுரண்டினால், கீழே எபாக்சி வைத்து அடைத்த நாலு ஓட்டை. புது ஓட்டைக்கும் பழைய ஓட்டைக்கும் நடுவில் 6 மி.மீ.கூட இல்லை, ஒரு செ.மீ.யாவது வேண்டும். திருகைக் கழற்றினால் நுனியில் ஈர மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே தண்ணீர் இறங்கி மரம் ஊறிப்போயிருந்தது. வேகமாக இறங்கும்போது அந்தத் திருகு பிடுங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்படிச் சீசன் முடிவில் வாடகைச் சாமான்களை மொத்தமாக அள்ளி, ஸ்டிக்கர் ஒட்டி, 'சொந்த உபயோகம்' என்று விற்கிற இடைத்தரகர்கள் பெருகிவிட்டார்கள். பைண்டிங் பக்கத்தில் ஸ்டிக்கர் இருந்தால், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

அதோடு பழைய பைண்டிங்கைக் கடைகள் தொடுவதில்லை. எந்தெந்த மாடலுக்குப் பொறுப்பேற்போம் என்று கம்பெனிகள் வருடாவருடம் ஒரு பட்டியல் போடுகின்றன. அதிலிருந்து விழுந்துவிட்ட மாடலைச் சரிபார்த்துத் தந்தால் பொறுப்பு முழுவதும் கடைக்காரர் மேல். நன்றாக இருக்கிற பைண்டிங்கைக்கூட நாங்கள் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது, எனக்கே வயிறு எரிகிறது. ஆக, பாதி விலைக்கு வாங்கி, பைண்டிங் புதிதாக வாங்கினால் முழு விலை வந்துவிடும். புது பைண்டிங்கின் பிரேக் உங்கள் ஸ்கீயின் அகலத்தைவிட 15 மி.மீ.க்கு மேல் கூடக் கூடாது. பூட் அடிப்பாகம் நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக் ரகமா, பழைய தட்டை ரகமா என்று சொல்லி அதற்குப் பொருந்துவதாகக் கேளுங்கள். விழும்போது பைண்டிங் எவ்வளவு விசையில் பூட்டை விட வேண்டும் என்று குறிக்கும் எண்ணை உங்கள் எடை, உயரம், வயது, பூட் அடி நீளம், நீங்கள் சறுக்கும் விதம் எல்லாம் பார்த்து மெக்கானிக் வைப்பார். வேகமாகப் போகிறேன் என்று நீங்களாகத் திருகி ஏற்றாதீர்கள்.

இப்போது உங்கள் மனைவி. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே நான் சொன்னதில் பாதி அவருக்குப் பொருந்தாது. அவருக்குப் பூட், உடை எல்லாம் சேர்த்து 64 கிலோ. 100 மி.மீ. அகலம், 172 செ.மீ. நீளத்திலேயே அவருடைய சுமை சதுர செ.மீ.க்கு 17 கிராம்தான். அதாவது நீங்கள் 115-இல் மிதப்பதைவிட அவர் 100-இல் நன்றாக மிதப்பார். அவருக்கு 115 வாங்கித் தந்தால், மிதப்பில் பெரிதாக ஒன்றும் கூடாது. காலில் இரண்டு கதவுகளைக் கட்டிய மாதிரி ஆகும்.

விறைப்பும் அப்படியே. ஸ்கீ வளைந்தால்தான் திரும்பும். 78 கிலோ வளைக்கிற தகட்டை 54 கிலோ வளைக்காது. பல கம்பெனிகள் சின்ன சைஸில் நீளத்தைக் குறைக்கிறார்களே தவிர, உள்ளே இருக்கும் தகட்டை அந்த அளவுக்கு மெலிதாக்குவதில்லை. வளையாத ஸ்கீயைத் திருப்ப அவர் உடம்பைப் பின்னால் சாய்ப்பார், தொடை எரியும், முனை இன்னும் கட்டுப்பாடு இழக்கும். பார்க்கிறவர்கள் அவருக்குத் திறமை போதாது என்பார்கள். என் மேசையில் இந்தக் கதையோடு எத்தனையோ பெண்கள் வந்திருக்கிறார்கள். தப்பு ஸ்கீயில்தான் இருந்தது. அவருக்கு 98 முதல் 104 மி.மீ., 170 முதல் 174 செ.மீ., ஒற்றை 1,650 முதல் 1,800 கிராம். எடை குறைந்த எவருக்கும் இதுதான், ஆணானாலும் சரி. 'பெண்கள் மாடல்' என்று தனியாக வாங்க வேண்டியதில்லை. பலவற்றில் அதே ஸ்கீக்கு நிறம்தான் மாறுகிறது, சிலவற்றில் பைண்டிங் கோடு கொஞ்சம் முன்னால் நகர்கிறது.

இருவரும் வாங்குவதற்கு முன் மலையடிவாரக் கடையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். வாங்கும்போது அந்த வாடகையைக் கழித்துக்கொள்ளும் கடைகள் உண்டு, முதலிலேயே கேளுங்கள். முடிந்தவரை காலை பத்தரைக்கு மேல் எடுங்கள். கைபடாத பவுடரில் எந்த ஸ்கீயும் நன்றாகத்தான் ஓடும்.