சென்னையில் காயின் ரோல் எங்கே கிடைக்கும்? பிரித்துப் பழைய காசு தேடுவதற்கு வேண்டும்

அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி ஆரம்பித்தவன்தான், அதனால் கேலி செய்யவில்லை. அங்கே பத்து டாலர் கொடுத்தால் கால் டாலர் காசு 40 அடுக்கிய காகிதச் சுருளை வங்கியில் தருவார்கள். பிரிக்கும்போது 1964 வரை அடித்த காசு ஏதாவது மாட்டினால் அதில் 90 சதவீதம் வெள்ளி. நம் ஊரில் சுருளும் கிடையாது, வெள்ளியும் கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகு அன்றாடச் சில்லறையாக வெள்ளிக் காசு அடித்ததே இல்லை. இங்கே கிடைப்பது 100 காசு போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் பாக்கெட்தான்.

ஆறு வருடம் முன்பு பெரம்பூரில் எனக்குக் கணக்கு இருக்கும் வங்கியில் போய் "காயின் ரோல் இருக்குமா மேடம்?" என்று கேட்டேன். எக் ரோல் கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். சில்லறை என்று விளக்கியதும் முகம் மலர்ந்து ஒரு ரூபாய் பத்து பாக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். வீட்டில் கொட்டிப் பார்த்தால் ஆயிரமும் ஒரே வருடம், ஒரே நாணய ஆலை. எல்லாவற்றிலும் வருடத்துக்குக் கீழே நட்சத்திரம், அதாவது ஐதராபாத் ஆலையின் குறி. (மும்பைக்கு வைரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை.) ராத்திரி பன்னிரண்டு மணிவரை வீட்டுக்குள் உட்கார்ந்து ஆயிரம் நட்சத்திரம் எண்ணினேன். என் மனைவி இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கும் கதை அது.

ஆகவே வங்கியில் "புழங்கின காசு இருக்கா?" என்று கேளுங்கள். இந்த வார்த்தைதான் முக்கியம். ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கிக்கே போகலாமே என்று யாராவது கீழே எழுதுவார்கள். ஆலையிலிருந்து புதிதாக வந்த காசை வாங்கி நாம் என்ன செய்வது?

பஸ் கண்டக்டர்களிடம் முன்பு நன்றாகக் கிடைக்கும். ட்ரிப் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் பை பாரம் குறைந்தது என்று சந்தோஷமாகக் கொட்டிவிடுவார்கள். 2021-இல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு பையே இளைத்துவிட்டது. திட்டத்தைக் குறை சொல்லவில்லை, என் அம்மாவே அதில்தான் போகிறார். டீக்கடைகளில் இப்போது எல்லாம் ஸ்கேன். கல்லாவில் பத்து காசு தேறினால் பெரிது.

மிச்சம் இருப்பது கோவில். உண்டியல் திறந்து எண்ணிய காசு எந்தக் கிளைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். வீட்டில் மஞ்சள் துணியில் முடிந்து இருபது வருடம் வைத்திருந்த நேர்த்திக் காசெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அப்படி ஒரு கிளையில் காசாளர் என்னைக் கிட்டத்தட்டக் கையெடுத்துக் கும்பிட்டார். "எவ்ளோ வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க சார், லாக்கர்ல இடமே இல்ல." முதல் தடவை இருபது பாக்கெட், இரண்டாயிரம் ரூபாய்.

அதில் கிடைத்ததைச் சொல்கிறேன். மெக்சிகோவில் அடித்த 1997 ஒரு ரூபாய் இரண்டு. (நம் ஆலைகளால் சமாளிக்க முடியாமல் வெளிநாட்டில் அடித்து வாங்கிய காலம் அது, மாஸ்கோவில் அடித்த ஐந்து ரூபாய்கூட உண்டு.) ஒரு மலேசிய 20 சென். 2011 ஜூன் கடைசியோடு செல்லாமல் போன இருபத்தைந்து பைசா ஆறு. வாஷர் ஒன்று, அதைப் போட்டவர் என்ன வேண்டினாரோ. கடைசிக்கு முந்தைய பாக்கெட்டில் தஞ்சாவூர் எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1995-இல் அடித்த திருவள்ளுவர் ஒரு ரூபாய். கடையில் காசு கொடுத்தால் இது சுலபமாகக் கிடைக்கும், பெரிய விலையும் இல்லை, தெரியும். எழும்பூர் மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் காசு பார்ப்பது ஒன்று, வாஷருக்குப் பக்கத்தில் வள்ளுவர் தலை தெரிவது இன்னொன்று. என் மகளை எழுப்பிக் காட்டினேன். தூக்கத்தில் "சூப்பர்ப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது யாரும் சொல்லாத விஷயம். காசு வாங்குவது கஷ்டமே இல்லை, திருப்பித் தள்ளுவதுதான் கஷ்டம். தேடி முடித்ததும் ஒரு ரூபாய் ஆயிரத்துச் சொச்சம் கையில் நிற்கும், எடை நாலைந்து கிலோ. எடுத்த கிளையிலேயே கட்டப் போனேன். "இதத்தானே சார் போன வாரம் உங்ககிட்ட தள்ளினேன்?" என்று அந்தக் காசாளர் அம்மா கேட்ட குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். வங்கிகள் காசை மறுக்கக் கூடாது என்பதுதான் ரிசர்வ் வங்கி விதி. நூறு நூறாகப் பாக்கெட் போட்டுக் கொடுத்தால் இருவருக்கும் வசதி என்றும் அதிலேயே இருக்கிறது. ஆனால் கும்பிட்ட கையிடம் போய் விதி பேச எனக்கு வாய் வரவில்லை. இப்போது எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சிதான் எடுத்துக்கொள்கிறார். "தம்பி, காசு வந்துச்சா?" என்று அவரே கேட்பார்.

ஒரு தடவை அவர் ஊருக்குப் போயிருந்தார். பத்து ரூபாய்க் காசு நூறு சேர்ந்துவிட்டது. அபார்ட்மெண்ட் பராமரிப்புக் கட்டணத்தில் ஆயிரத்தைக் காசாகவும் மீதியை நோட்டாகவும் கொடுத்தேன். செயலாளர் "பத்து ரூபாய்க் காயின் செல்லாது" என்று சொல்லி வாங்கவில்லை. அதுவரை வந்த பத்து ரூபாய்க் காசின் 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. 2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகள் ஆயிரம் ரூபாய் வரைக்கும் செல்லும். நான் சரியாக ஆயிரம்தான் கொடுத்தேன். வாட்ஸ்அப் குழுவில் எனக்கு "உண்டியல் சார்" என்று பெயர் வைத்தார்கள். சரி, வைக்கட்டும். நாலு மாதமாக லிஃப்ட் ஓடவில்லை, மூன்றாம் மாடிக்கு என் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார், சம்ப் கழுவி ஒரு வருடம் ஆகிறது, அதைப் பற்றிக் குழுவில் கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. காசு வடிவம் பற்றி மட்டும் எல்லோருக்கும் அபிப்பிராயம் உண்டு.

சில்லறைத் தட்டுப்பாட்டை உண்டாக்குகிறான் என்று எழுதப் போகிறவர்களுக்கு: பத்து நாளுக்குள் எல்லாம் கடைத்தெருவுக்கே திரும்பிவிடுகிறது. நான் வைத்துக்கொள்வது இருபது முப்பது காசு. நான் வியாபாரியும் இல்லை. வைஷ்ணோ தேவி படம் போட்ட காசுக்குப் பத்து லட்சம் என்று வரும் விளம்பரத்தை நம்பி இறங்குவதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். முதலில் "பதிவுக் கட்டணம்" கேட்பார்கள், அப்புறம் "வரி" கேட்பார்கள், அப்புறம் போன் எடுக்க மாட்டார்கள். 2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

வங்கிக்கு மாதத்தின் முதல் பத்து நாள் போகாதீர்கள், பென்ஷன் கூட்டம் இருக்கும். மூன்று மணிக்கு மேல் போங்கள். கெட்டியான துணிப்பை கொண்டுபோங்கள். நான் ஒரு தடவை கேரி பேக்கில் எடுத்து வந்து பெரம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் அடி கிழிந்தது. முன்பின் தெரியாத எட்டுப் பேர் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்றுதான் குறைந்தது.