டாக்டர்–நோயாளி ரோல்ப்ளேக்கு ஒத்துவரும் துணையைப் பெங்களூருவில் எப்படித் தேடுவது?

கேள்வி: பெங்களூருவில் ஐடி வேலையில் இருக்கிறேன். ஆண், வயது 31. டாக்டர்–நோயாளி மாதிரி வேஷம் போட்டு நடிக்கும் ரோல்ப்ளேயில் எனக்கு ரொம்ப நாளாக ஈடுபாடு. இதே விருப்பமுள்ள துணையை எங்கே, எப்படித் தேடுவது? வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டுமா?

பதில்:

பெயரை மறைத்துத்தான் எழுதுகிறேன், காரணம் உங்களுக்கே தெரியும். நானும் பெங்களூருவில் இருக்கும் தமிழ்ப் பெண்தான். இதே விருப்பம் எனக்கும் உண்டு, இதில் மனம் ஒத்த துணையும் எனக்கு உண்டு. உங்கள் கேள்வியில் ஒரு தயக்கம் தெரிகிறது, முதலில் அதைத் தீர்த்துவிடுவோம். இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தவர்கள் முழுச் சம்மதத்தோடு தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் இப்படிப்பட்ட விருப்பங்களை அதில் மனநலக் கோளாறாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தேடலைப் பற்றிப் பேசலாம்.

எங்கே தேடுவது என்பதற்கு முன்னால் எதைத் தேடுகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். "எனக்கு டாக்டர் ரோல்ப்ளே பிடிக்கும்" என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஒருவருக்குப் பிடித்தது கவனிப்பாக இருக்கும்: படுக்கவைத்து, நெற்றியில் கை வைத்து, "எங்கே வலிக்குது" என்று ஒருவர் பொறுமையாகக் கேட்பது. இன்னொருவருக்கு அந்த அதிகாரம்தான் முக்கியம்: வெள்ளைக் கோட்டுக்காரர் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் கீழ்ப்படிவது, அல்லது அப்படி உத்தரவிடுபவராகத் தானே இருப்பது. வேறொருவரை இழுப்பது கூச்சம். சிலருக்கு ஆளைவிடக் கருவிகள்மேல்தான் ஆசை: ஸ்டெதாஸ்கோப்பின் சில்லிப்பு, கையுறையை இழுத்து மாட்டும் சத்தம், பிபி மெஷினின் பட்டை கையை மெல்ல இறுக்குவது. கவனிப்பைத் தேடி வந்தவரும் அதிகாரத்தைத் தேடி வந்தவரும் ஒரே அறையில் அமர்ந்தால், இரண்டு பேரும் நல்லவர்களாகவே இருந்தாலும் இரண்டு பேருக்கும் ஏமாற்றம்தான். "விருப்பம் ஒன்றாகத்தானே இருந்தது, ஏன் சரிவரவில்லை" என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

என்னை இழுத்தது எது என்று எனக்குப் பிடிபட்டது ஸ்டெதாஸ்கோப்பின் கதையைப் படித்தபோது. 1816இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவரிடம் இதயக் கோளாறோடு ஓர் இளம்பெண் வருகிறார். மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்பதுதான் அன்றைய வழக்கம். அவருடைய வயதையும் பெண் என்பதையும் நினைத்து அது முறையாகாது என்று லென்னெக் தயங்குகிறார். காகிதக் கட்டு ஒன்றைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை அந்தப் பெண்ணின் மார்பிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைக்கிறார். இதயத் துடிப்பு, நேரடியாகக் காது வைத்துக் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்கிறது. அந்தக் கருவி பிறந்ததே ஒரு மரியாதையான இடைவெளியால். நான் தேடிக்கொண்டிருந்தது அந்த இடைவெளியைத்தான்: ஒருவர் மிக அருகில் இருக்கிறார், முழுக் கவனமும் என் மேல் இருக்கிறது, ஆனாலும் கேட்காமல் ஓர் அங்குலம்கூட நெருங்குவதில்லை. இது தெரிந்த பிறகு யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

நீங்களும் ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். டாக்டராக இருக்க வேண்டுமா, நோயாளியாகவா, மாறி மாறியா? பேச்சு நிறைய வேண்டுமா, அமைதி வேண்டுமா? இது உடலுறவில் முடிய வேண்டுமா, அது இல்லாமலே போதுமா? கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் பலரும் வெட்கப்படுகிறார்கள். ஆனால் ஒத்துப்போகுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதற்கான பதில்தான்.

சரி, எங்கே தேடுவது? இப்படிப்பட்ட விருப்பம் உள்ளவர்களுக்கான ஃபெட்லைஃப் என்ற தளம் 2008 முதல் இருக்கிறது. அது டேட்டிங் தளம் என்பதைவிட ஒரு சமூக வலைத்தளம் மாதிரி. உள்ளூர்க் குழுக்களைத் தேடிப் பாருங்கள். வந்ததும் வராததுமாக எல்லோருக்கும் "ஹாய்" அனுப்புவதைவிட, குழுவில் நடக்கும் பேச்சில் பொறுப்பாகக் கலந்துகொண்டால் மரியாதை கிடைக்கும். ஃபீல்ட் என்ற செயலியில் இப்படிப்பட்ட விருப்பத்தைச் சுயவிவரத்திலேயே சொல்லிவிடலாம். இவற்றைவிட நான் நம்புவது மன்ச் எனப்படும் சந்திப்புகளை. இப்படிப்பட்ட விருப்பம் உள்ளவர்கள் ஓட்டலிலோ காஃபி கடையிலோ சாதாரண உடையில் வந்து, காபி குடித்துப் பேசிவிட்டுக் கிளம்புவார்கள். அங்கே எந்த விளையாட்டும் நடக்காது. ஒருவர் மற்றவர்களிடம், குறிப்பாகத் தன்னை மறுத்தவர்களிடம், எப்படிப் பழகுகிறார் என்பதை நேரில் பார்க்க முடிவதுதான் இதில் பெரிய லாபம். நீங்கள் ஆண் என்பதால் இதையும் சொல்கிறேன்: இங்கே பெண்கள் முதலில் பார்ப்பது உங்கள் பொறுமையைத்தான். அவசரப்படும் ஆணுக்குப் பதில் வராது.

நானும் என் துணையும் முதலில் நேரில் பார்த்தது சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு காஃபி கடையில், சனிக்கிழமை மத்தியானம். அவர் ஒரு சின்ன நோட்டை எடுத்து மேசைமேல் வைத்து, பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டார். "சரி", "வேண்டாம்", "யோசிக்கணும்" என்று மேலே எழுதிவிட்டு, "நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றார். ஊசி என்றேன். எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "ஊசி இல்லாத சிரிஞ்ச், பார்க்க மட்டும்?" என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். எழுதிக்கொண்டார், ஏன் என்று கேட்கவில்லை, இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததும் இல்லை. அப்புறம் அவர் முறை வந்தது. டெட்டால் வாசனை மட்டும் வேண்டாம் என்றார். அவருடைய அப்பா கடைசியாக ஐசியூவில் இருந்த நாட்களோடு அந்த வாசனை அவருக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் எங்கள் ரோல்ப்ளேயில் சாதாரண சோப்பு மட்டும்தான். ஆஸ்பத்திரி என்பது எல்லோருக்கும் ஏதோ ஒரு இழப்போடு சேர்ந்த இடம். அறுவை சிகிச்சை, கருக்கலைப்பு, பெற்றவர்களின் மரணம் என்று எது வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம். அதனால் இதைக் கேட்காமல் யாரோடும் தொடங்காதீர்கள்.

எந்த மொழியில் பேசுவது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பெங்களூருவில் உங்கள் துணை கன்னடராகவோ மலையாளியாகவோ இருக்கலாம். எனக்கு "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று தமிழில் கேட்டால்தான் உடம்பு தளர்கிறது. ஆங்கிலத்தில் பேசினால் ஏதோ இன்டர்வியூவில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. உங்களுக்கு இது நேர்மாறாகவும் இருக்கலாம்.

சம்மதத்தைப் பற்றிப் பேசும்போது நான் உதாரணமாக எடுப்பது நிஜ மருத்துவத்தைத்தான். 2008இல் உச்ச நீதிமன்றம் டெல்லியிலிருந்து வந்த ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அவர் சம்மதம் இல்லாமலே கருப்பையை எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நிஜ மருத்துவருக்கே இந்த எல்லை இருக்கும்போது வேஷம் போட்டவருக்கு எல்லை இன்னும் கறாராக இருக்க வேண்டும். நோட்டில் "சரி" என்று எழுதியதும்கூட அன்றைக்கு, அந்த நேரத்தில் பிடிக்கவில்லை என்றால் ரத்துதான். வேஷத்துக்குள் "வேண்டாம் டாக்டர்" என்பது வசனமாகவே வரலாம் என்பதால், நிறுத்துவதற்குத் தனியாக ஒரு சேஃப்வேர்டு வேண்டும். நாங்கள் போக்குவரத்து விளக்கைப் பின்பற்றுகிறோம்: மஞ்சள் என்றால் மெதுவாக, சிவப்பு என்றால் அந்த நொடியே நிறுத்தம். வாயில் தெர்மாமீட்டர் இருந்தால் பேச முடியாது, அதற்காகப் படுக்கையை மூன்று முறை தட்டுவது.

எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இவற்றில் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிஜ மயக்க மருந்தோ தூக்க மாத்திரையோ வேண்டும் என்று கேட்பவரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள். மயக்கத்தில் மூச்சு அடங்கலாம், வாந்தி நுரையீரலுக்குள் போகலாம், எல்லாவற்றுக்கும் மேலாக நினைவில்லாதவர் சம்மதம் சொல்லவே முடியாது. கண்ணை மூடிக்கொண்டு மயங்கியதாக நடித்தால் போதும். தோலைத் துளைப்பது, உடலுக்குள் எதையாவது செலுத்துவது எல்லாம் பயிற்சி இல்லாதவர்களுக்கு ஆகாது. ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுமே ரத்தத்தின் வழியாகப் பரவுபவை. பிபி பட்டை கையில் மட்டும், ஒருபோதும் கழுத்தில் வேண்டாம். லேடெக்ஸ் சிலருக்கு ஒவ்வாது, அதனால் நைட்ரைல் கையுறை வாங்குங்கள். தெர்மாமீட்டர் பாதரசமாக இல்லாமல் டிஜிட்டலாக இருக்கட்டும். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், நான் மிகவும் வருத்தப்படும் விஷயம் ஒன்று. இந்த விருப்பம் உள்ள சிலர் டேட்டிங் செயலிகளில் நர்ஸ் என்றோ டாக்டர் என்றோ பார்த்ததும் அவர்களைக் குறிவைத்துச் செய்தி அனுப்புகிறார்கள். இன்னும் மோசமாக, இல்லாத நோயைச் சொல்லி நிஜ கிளினிக்குக்கே போகிறார்கள். இதில் விளையாட்டு என்று எதுவும் கிடையாது, இது நேரான அத்துமீறல். அந்த மருத்துவர் எதற்கும் சம்மதிக்கவில்லை, வெளியே டோக்கனோடு காத்திருப்பவருக்குப் போக வேண்டிய நேரமும் பறிபோகிறது. நைட் டியூட்டி முடித்து வரும் ஒரு செவிலியருக்கு அவர் தொழில் தொழில்தான். அதே மாதிரி, எவராவது தன்னை டாக்டர் என்று சொல்லி, "செக்கப் செய்ய" உடம்புப் படத்தை அனுப்பச் சொன்னால், அனுப்பாதீர்கள். அதை வைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காமல், ஸ்க்ரீன்ஷாட்டுகளைப் பத்திரப்படுத்தி, 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள். அந்தரங்கப் படத்தைச் சம்மதம் இல்லாமல் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இடம் என்பது இந்த ஊரில் பெரிய பாடு. பிஜியில் விருந்தாளியை விடமாட்டார்கள், பல வாடகை வீடுகளில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் நம் அறையில் கேட்கும். முதல் சில சந்திப்புகளைப் பொது இடத்திலேயே வையுங்கள், கப்பன் பார்க்கில் நடந்துகொண்டே பேசினால் யாரும் ஒட்டுக்கேட்க மாட்டார்கள். தனியாகச் சந்திக்கும் நாளில், எங்கே போகிறீர்கள் என்று நம்பிக்கையான நண்பர் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இது உங்களுக்கும் பொருந்தும், வரப்போகும் பெண்ணுக்கும் பொருந்தும். அவர் அப்படிச் சொல்லிவிட்டு வந்தால் சந்தோஷப்படுங்கள். திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓட்டலில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம், கோயம்புத்தூர் விடுதி ஒன்றின் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் சில ஓட்டல்கள் தங்கள் விதி என்று மறுப்பார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முடிந்ததும் உடனே எழுந்து போனைப் பார்க்கப் போகாதீர்கள். நோயாளியாக இருந்தவருக்குச் சட்டென்று அழுகைகூட வரலாம். ஒரு போர்வை, வெந்நீர், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. கோட்டைக் கழற்றிவிட்டு வழக்கமான பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. டாக்டராக இருந்தவருக்கும் இது தேவைப்படும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி வரன் பற்றி. என் கருத்து: சொல்ல வேண்டும், நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். கல்யாணமான பிறகு கேட்டால் மறுக்கும் சுதந்திரம் அந்தப் பெண்ணுக்கு ரொம்பக் குறைந்துவிடும், நம் ஊர்க் குடும்பங்களில் அதுதான் நிலைமை. முதல் சந்திப்பிலேயே விவரமெல்லாம் வேண்டாம். இரண்டு பேரும் தனியாகப் பேசிப் பழகி, அந்தரங்கமான பேச்சு இயல்பாக வரும் கட்டத்தில், "எனக்குக் கற்பனை விளையாட்டு மாதிரி சில விருப்பங்கள் உண்டு, உங்களுக்கு அதைக் கேட்க ஆர்வம் இருந்தால் சொல்கிறேன், இல்லை என்றால் அதையும் நேராகச் சொல்லலாம்" என்று ஆரம்பியுங்கள். அதற்கு முன்னால் நீங்கள் உங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும்: இது இல்லாமலும் உங்களால் நிறைவாக வாழ முடியுமா? முடியும் என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், அந்தப் பெண்ணுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். முடியாது என்றால், வரன் பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கும்படி வீட்டில் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்றால் போதும்.