குறைஞ்ச செலவுல எல்லாருக்கும் பொதுவா ஒரு லோராவான் கேட்வே: கேளுங்க, சொல்றேன்

லோராவான்ங்கறது சின்ன சென்சாருங்க கம்மி பேட்டரில ரொம்ப தூரத்துக்கு டேட்டா அனுப்பற ரேடியோ முறை, கேட்வேங்கறது அதை கேட்டு இன்டர்நெட்டுக்கு தள்ளற டப்பா. இந்த கேட்வே கட்டறது, கம்பத்துல ஏத்தறது, மழைக்கப்புறம் திரும்ப கழட்டி பாக்கறதுன்னு பல வருஷமா இதுலயே கிடக்கேன். வந்த கேள்விக்கெல்லாம் வரிசையா பதில் போடறேன்.

கேள்வி: அக்கா, கேட்வேங்கறது வைஃபை ரூட்டர் மாதிரி தானா? என் சென்சார் என் கேட்வேயோட மட்டும் பேசுமா?

இல்ல தம்பி, இங்க சென்சாருக்கும் கேட்வேக்கும் ஜோடியே கிடையாது. சென்சார் காத்துல கத்திட்டு போயிடும், யார் காதுல எல்லாம் விழுதோ அந்த கேட்வே எல்லாமே அதை இன்டர்நெட் வழியா சர்வருக்கு தள்ளும், ஒரே பாக்கெட் நாலு இடத்துலேர்ந்து வந்தா சர்வர் ஒன்ன வச்சுகிட்டு மத்தத தூக்கி போடும். நீங்க வைக்கற கேட்வே முகம் தெரியாதவங்க சென்சாருக்கும் காது குடுக்குது. அதனாலதான் பொதுவா வைக்க முடியுது.

கேள்வி: என்கிட்ட இஎஸ்பி32 சிப்பும் எஸ்எக்ஸ்1276 லோரா ரேடியோ சிப்பும் சேர்ந்த சின்ன போர்டு ஒன்னு சும்மா கிடக்கு. அதுலயே சிங்கிள் சேனல் கேட்வே போட்டா செலவே இல்லையே?

இந்த கேள்விதான் அதிகமா வருது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். அந்த ரேடியோ சிப் சென்சார் பக்கத்துக்குன்னு செஞ்சது, ஒரு நேரத்துல ஒரு சேனல், ஒரு ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (எஸ்எஃப், அதாவது அனுப்பற வேகம், எண் ஏற ஏற வேகம் குறையும்), அவ்வளவுதான் கேக்கும். ஆனா சென்சார் ஒவ்வொரு தடவையும் வேற சேனல்ல தாவும், எஸ்எஃப்7-லேர்ந்து எஸ்எஃப்12 வரைக்கும் ஆறு வேகம் வேற இருக்கு, 8 சேனல் 6 வேகம்னு வச்சா 48 கதவுல ஒரு கதவு மட்டும் திறந்து வச்ச மாதிரி.

சரி, கொஞ்சம் பாக்கெட் போனா போகட்டும்னு நினைப்பீங்க, ஆனா நஷ்டம் உங்களோட நிக்காது. பதில் அனுப்பணும்னா சர்வர் பாக்கெட்ட நல்லா கேட்ட கேட்வேயதான் தேர்ந்தெடுக்கும், பக்கத்துல இருக்கறதுனால உங்க சிங்கிள் சேனல் டப்பா மாட்டும், அதால சரியான சேனல்ல சரியான நேரத்துல அனுப்ப முடியலன்னா பக்கத்து வீட்டுக்காரர் சென்சார் நெட்வொர்க்ல ஜாயின் ஆகாம திரும்ப திரும்ப கேட்டுட்டே இருக்கும், தள்ளி இருக்கற நல்ல கேட்வே சும்மா வேடிக்கை பாக்கும். இன்னொன்னு, ஏடிஆர் (சிக்னலுக்கு தக்க வேகத்த தானா மாத்திக்கற வசதி) போட்ட சென்சார் 64 பாக்கெட் அனுப்பியும் பதில் வரலன்னா சர்வர் இருக்கான்னு கேக்கும், இன்னும் 32 அனுப்பியும் சத்தம் இல்லன்னா எஸ்எஃப்ப ஏத்திக்கும். எஸ்எஃப்7-ல கேட்டுட்டு இருக்கற உங்க டப்பாக்கு அதோட அது காணாம போச்சு. சென்சாருக்கும் பேட்டரி தீரும், ஏன்னா 10 பைட் டேட்டா எஸ்எஃப்7-ல சுமார் 62 மில்லிசெகண்ட், அதே டேட்டா எஸ்எஃப்12-ல ஒன்றரை செகண்ட் காத்த அடைச்சுக்கும்.

மேஜைல வச்சு கத்துக்க அந்த போர்டு அருமை, பொதுவுக்குன்னு மட்டும் ஏத்திடாதீங்க.

கேள்வி: அப்போ எதுல மிச்சம் பிடிக்கறது மேடம்?

கான்சென்ட்ரேட்டர்ல (பல சேனல ஒன்னா கேக்கற ரேடியோ கார்டு) பிடிக்காதீங்க, மத்த எல்லாத்துலயும் பிடிங்க. எஸ்எக்ஸ்1301 இல்ல எஸ்எக்ஸ்1302 சிப் இருக்கற கார்டு 8 சேனலயும் எல்லா வேகத்தயும் ஒரே நேரத்துல கேக்கும். 1302 புதுசு, சூடும் கரண்ட்டும் கம்மி, மூடின டப்பாக்குள்ள வெயில்ல வைக்க அதான் தேவலாம். கம்ப்யூட்டருக்கு பழைய ராஸ்பெர்ரி பை போதும், அது செய்யற வேலை ரொம்ப கம்மி. டப்பாக்கு தண்ணி புகாத எலக்ட்ரிக்கல் ஜங்ஷன் பாக்ஸ். எஸ்டி கார்டு கெடாம இருக்க லாக் (ஓடறப்போ எழுதற பதிவு) எல்லாத்தயும் ராம்ல எழுத விடுங்க, கார்டு சாகறதே ஓயாம எழுதி எழுதிதான்.

கேள்வி: 8 டிபிஐ ஆன்டெனா வாங்கினா ரேஞ்ச் கூடும்தானே?

டிபிஐங்கறது ஆன்டெனா அலைய எவ்வளவு குவிக்குதுங்கற அளவு, ரேஞ்ச உயரம்தான்மா கூட்டும். 2017-ல பலூன்ல ஏறி 38 கிலோமீட்டர் உயரம் போன ஒரு சென்சார் வெறும் 25 மில்லிவாட்ல அனுப்பினது 702 கிலோமீட்டர் தள்ளி இருந்த கேட்வேல விழுந்துச்சு. நடுவுல மறைக்க ஒன்னும் இல்ல, அவ்வளவுதான் காரணம். அதே சென்சார கான்கிரீட் கட்டடத்துக்கு பின்னாடி வச்சா தூரம் ரொம்பவே சுருங்கிடும். கண்ணுக்கு தெரிஞ்சா மட்டும் போதாது, 5 கிலோமீட்டர் தூரத்துக்கு நடு இடத்துல சுத்தி 20 மீட்டர் வரைக்கும் அலைக்கு இடம் வேணும், அதுல பாதிக்கு மேலயாவது காலியா இருக்கணும். டிபிஐ கூட கூட அலை தட்டையா படுத்துடும், உயரமான இடத்துல வச்சா நேர் கீழ இருக்கறவங்களுக்கு கிடைக்காம போகலாம். 3-லேர்ந்து 5 டிபிஐ போதும்.

கேபிளதான் யாரும் பாக்கறதில்ல! மெல்லிசான ஆர்ஜி174 மீட்டருக்கு கிட்டத்தட்ட 1 டெசிபல் தின்னும், அஞ்சு மீட்டர் இழுத்தா வந்த சிக்னல்ல மூணுல ரெண்டு பங்கு கேபிள்லயே போச்சு. தடிமனான கேபிள் வாங்கறதுக்கு பதிலா டப்பாவயே ஆன்டெனா காலடில கட்டிடுங்க, மேல போறது பவரும் சேர்ந்து போற ஈதர்நெட் வயர் ஒன்னே ஒன்னு.

கேள்வி: ஆன்டெனா கையால செய்யலாமா?

தாராளமா, நான் இப்பவும் செஞ்சுட்டுதான் இருக்கேன். நாலு மூலைலயும் ஓட்டை இருக்கற N டைப் பேனல் கனெக்டர் ஒன்னு, கெட்டியான செம்பு கம்பி அஞ்சு துண்டு. ஒன்ன நடு பின்ல நேரா நிக்கற மாதிரி சால்டர் பண்ணுங்க, மத்த நாலும் மூலைக்கு ஒன்னா, 45 டிகிரி கீழ சாய்ச்சு. 868 மெகாஹெர்ட்ஸுக்கு கம்பி நீளம் கால் அலை (அலை நீளத்துல நாலுல ஒரு பங்கு) கணக்குல 8.6 சென்டிமீட்டர், நிஜத்துல 8.2 பக்கத்துல வந்து நிக்கும். முதல்ல நீளமாவே விட்டு நேனோவிஎன்ஏல (ஆன்டெனா எந்த அலைவரிசைக்கு பொருந்துதுன்னு காட்டற சின்ன கருவி) பாத்து பாத்து வெட்டுங்க, 1 மில்லிமீட்டர் வெட்டினா சுமார் 10 மெகாஹெர்ட்ஸ் மேல நகரும், அதனால கட்டர வச்சு நறுக்காம கடைசில அரத்தால தேய்ங்க. உங்க நாட்டுல எந்த பேண்டுன்னு பாத்துட்டு வெட்டுங்க, ஐரோப்பால 868, அமெரிக்கால 915, இந்தியால 865.

கேள்வி: மூணு மாசம் நல்லா ஓடுச்சு, மழைக்கப்புறம் சிக்னல் படுத்துடுச்சு. போர்டு போயிடுச்சா?

போர்டு இருக்கும், கனெக்டர கழட்டி பாருங்க. எனக்கு முதல் வருஷம் இதேதான், பின்ன சுத்தி பச்சையா பூத்து கிடந்துச்சு, தண்ணி கேபிள் பின்னலுக்குள்ளயே ஊறி போயிருந்ததால துடைச்சும் பிரயோஜனம் இல்ல, கேபிளயே மாத்தினேன். தன்னால ஒட்டிக்கற ரப்பர் டேப்ப கீழேர்ந்து மேல சுத்துங்க, ஓடு வேயற மாதிரி ஒன்னு மேல ஒன்னு ஏறணும். டப்பாக்குள்ள போற வயர் நுழையறதுக்கு முன்னாடி ஒரு வளைவு கீழ தொங்கட்டும், தண்ணி அங்கயே சொட்டிடும். ஒன்னு மறக்காதீங்க, ஆன்டெனா இல்லாம கேட்வேய ஆன் பண்ணவே கூடாது, அனுப்பற நேரத்துல சிப் அடி வாங்கும்.

கேள்வி: என் டேட்டாவ கேட்வே வச்சிருக்கறவர் படிப்பாரா?

முடியாது. சென்சார்லயே 128 பிட் ஏஇஎஸ்ங்கற குறியாக்கத்துல பூட்டிதான் வெளிய வருது, சாவி கேட்வேகிட்ட இல்ல. டிவைஸ் அட்ரஸ், பாக்கெட் எண்ணிக்கை மாதிரி மேலோட்டமான விவரம்தான் தெரியும்.

கேள்வி: ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கிடைச்சுதுன்னு பதில் வாங்கறேன், அதுதானே பாதுகாப்பு?

தயவுசெஞ்சு வேணாம். உங்களுக்கு பதில் சொல்ல வாய திறக்கற அந்த நேரம் கேட்வேக்கு காது அடைஞ்சுடும், 8 சேனலும் மொத்தமா. எஸ்எஃப்12-ல பதில்னா கிட்டத்தட்ட ஒரு செகண்டுக்கு ஊர் முழுக்க யார் அனுப்பினாலும் அந்த கேட்வேல விழாது. மண் ஈரத்துல ஒரு ரீடிங் போனா அடுத்த ரீடிங் வந்துட்டு போகுது. அலாரம் மாதிரி விஷயத்துக்கு மட்டும் வச்சுக்குங்க.

கேள்வி: எல்லாம் மாட்டிட்டேன், கான்சென்ட்ரேட்டர் ஸ்டார்ட் ஆகலன்னு எர்ரர் வருதுக்கா.

பெரும்பாலும் ரீசெட் பின்தான். கார்டுக்கு கார்டு வேற வேற ஜிபிஐஓல (ராஸ்பெர்ரி பையோட நம்பர் போட்ட பின்) இருக்கும், ஸ்கிரிப்ட்ல இருக்கற நம்பரும் உங்க போர்டுல இருக்கறதும் ஒன்னான்னு பாருங்க. எஸ்பிஐ (பையும் கார்டும் பேசிக்கற வழி) ஆன் பண்ணிருக்கான்னு பாருங்க. ரெண்டும் சரின்னா பவர் அடாப்டர மாத்துங்க, செல்ஃபோன் சார்ஜர்ல வோல்டேஜ் இறங்கிடும். அப்பவும் வரலன்னா லாக்ல கடைசி இருபது வரிய அப்படியே ஒட்டுங்க, ராத்திரி உக்காந்து பாத்து சொல்றேன்.