வெள்ளவத்தை ஃபிளாட்டில் பிள்ளை பெறலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. முதல் பிள்ளை, இப்போது 30 வாரம். வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டின் நாலாம் மாடியில் இருக்கிறோம். இலண்டனில் இருக்கும் என் மச்சாள் போன வருடம் வீட்டிலேயே பெற்றாள். இரண்டு மிட்வைஃப்மார் வந்து பார்த்தார்களாம். என் அம்மம்மாவும் ஏழு பிள்ளைகளையும் வீட்டில்தான் பெற்றவர். எனக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம். தனியே விட்டுவிடுவார்கள், கத்தினால் ஏசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சிங்களமும் அவ்வளவாக வராது. கொழும்பில் வீட்டில் வந்து பிரசவம் பார்க்க ஆள் கிடைக்குமா? இல்லாவிட்டால், யாழ்ப்பாணத்திலிருக்கும் அம்மா வந்து கூட நின்றால் எனக்கு என்ன உதவி செய்யலாம்?

பதில்: வீட்டில் பெற வேண்டாம் பிள்ளை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் வீட்டில் கிடைக்கும் என்று நினைப்பதில் முக்கால்வாசியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக முடியும். அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

நான் 30 வருடத்துக்கு மேல் கொழும்பு லேபர் ரூம்களில் மிட்வைஃபாக நின்றவள். உங்கள் பயத்தை வீண் பயம் என்று சொல்லமாட்டேன். பக்கத்துக் கட்டிலில் கத்துகிறவளைப் பார்த்து நடுங்கி, கேட்க ஒரு ஆளில்லாமல் விடியுமட்டும் கிடந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். நெருக்கடியான இரவுகளில் ஒருத்தியின் கையைக்கூடப் பிடிக்க நேரமில்லாமல் நானே ஓடியிருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

சரி, மச்சாளின் கதைக்கு வருவோம். இங்கிலாந்தில் வீட்டுக்கு வரும் மிட்வைஃப்மார் ஒட்சிசனும் ஊசி மருந்தும் குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் கருவியும் கொண்டுவருவார்கள். ஏதும் பிசகினால் அழைத்துப்போக அம்புலன்ஸும், ஏற்றுக்கொள்ள ஆஸ்பத்திரியும் தயாராக இருக்கும். அப்படி இருந்துமே, ஆபத்துக் குறைந்த 64,000-க்கும் மேற்பட்ட தாய்மாரைப் பார்த்து 2011-இல் அங்கே வெளிவந்த ஆய்வில், வீட்டில் பெறத் திட்டமிட்ட முதற்பிள்ளைத் தாய்மாரில் 100 பேருக்கு 45 பேர் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். குழந்தைக்குப் பாரதூரமான பாதிப்பு, ஆஸ்பத்திரியில் 1,000 பேருக்கு 5.3 ஆக இருந்தது. வீட்டில் திட்டமிட்ட முதற்பிள்ளைகளில் 9.3. ஏற்கெனவே பெற்ற தாய்மாரில் இந்த வித்தியாசம் தெரியவில்லை, மாற்றப்பட்டவர்களும் 100-க்கு 12 பேர்தான். உங்களுக்கோ இது முதல் பிள்ளை.

கொழும்பில் அந்த ஏற்பாடு நமக்கு இல்லை. உங்கள் பகுதியின் குடும்ப நல உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுகிறவர், வீட்டுக்கு வருவார். கர்ப்ப காலத்தில் பார்ப்பார், பிள்ளை பிறந்த பிறகும் வருவார். ஆனால் பிரசவத்தை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளத்தான் அவர் திட்டம் போட்டுக் கொடுப்பார். காசுக்கு வீட்டில் வந்து பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால், இரத்தப்போக்கு நிற்காவிட்டால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டுப்பாருங்கள்.

ஏன் இரத்தப்போக்கைச் சொல்கிறேன்? மாதம் நிறைந்த கர்ப்பப்பைக்குள் ஒரு நிமிடத்தில் அரை லீற்றருக்கும் மேல் இரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி கழன்றதும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்கி அந்தக் குழாய்களை அடைக்க வேண்டும். அது சோர்ந்துவிட்டால், பத்து நிமிடம் முன்பு சிரித்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்தவள் கண்முன்னே வெளிறிப் போவாள். எந்தக் குறையும் இல்லாத, கிளினிக்கில் எல்லாம் சரி என்று எழுதப்பட்ட பெண்ணுக்கும் இது வரலாம். அதற்குரிய ஒக்சிடோசின் ஊசி குளிரில் வைக்கவேண்டிய மருந்து. ஊசி கேட்காவிட்டால் இரத்தம் ஏற்ற வேண்டும், சில வேளை சத்திரசிகிச்சையும். நாலாம் மாடியில் லிஃப்ட் வர வேண்டும், காலி வீதி நெரிசலைக் கடக்க வேண்டும், பிறகு பொரளைக்கோ களுபோவிலைக்கோ போய்ச் சேர வேண்டும். அந்த நேரம் நம் கையில் இல்லை.

அம்மம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்து மருத்துவிச்சிமாரின் கைப்பக்குவத்தை நான் மதிக்கிறேன். தாயை விட்டு நகராமல் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்த பெரிய வித்தை. ஆனால் 1930களில் இந்த நாட்டில் 1,00,000 உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000-க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது ஏறத்தாழ 30. கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனை 1879-இலேயே தொடங்கியது. ஆனாலும் ஊர் ஊராகப் பயிற்சி பெற்ற மிட்வைஃப் போய், அவளுக்குப் பின்னால் ஆஸ்பத்திரியும் இரத்த வங்கியும் நின்ற பிறகுதான் சாவுகள் இப்படிக் குறைந்தன. 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த ஏற்பாடு அது. ஏழும் நல்லபடி பிறந்த வீட்டில் அதைக் கதையாகச் சொல்வார்கள். பிசகிப்போன வீட்டில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இனி அம்மாவைப் பற்றி. நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

பிரசவம் முழுக்கப் பக்கத்தில் ஒருவர் விடாமல் நின்றால் என்ன ஆகும் என்று 26 ஆய்வுகளை, 15,000-க்கும் அதிகமான பெண்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சிசேரியன் குறைகிறது, நோ மருந்து கேட்பது குறைகிறது, பிரசவ நேரம் சராசரியாக 40 நிமிடமளவு குறைகிறது, பிறகு நினைத்துப் பார்க்கும்போது கசப்பும் குறைகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் ஒவ்வொரு தாய்க்கும் அவள் விரும்புகிற துணை வேண்டும் என்கிறது. இங்கே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடைமுறை இடத்துக்கு இடம் வேறுபடும். பலர் ஒரே அறையில் இருப்பதால் பெண் துணையை மட்டும் விடும் இடங்கள் உண்டு. கணவரையும் விடும் இடங்கள் உண்டு. அடுத்த கிளினிக்கிலேயே கேளுங்கள்: துணைக்கு ஆள் விடுவீர்களா, யாரை, முன்கூட்டிப் பெயர் கொடுக்க வேண்டுமா, வகுப்புக்கு வர வேண்டுமா? பதில் இல்லை என்று வந்தால், ஆஸ்பத்திரியை மாற்ற உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. 38 வாரத்தில் கேட்டால் இருக்காது.

அம்மா செய்யவேண்டியதில் முதலாவது, வீட்டில் அவசரப்படாமல் இருப்பது. முதல் பிள்ளைக்கு ஆரம்பக் குத்து, அதாவது பிரசவ வலி, ஒரு நாள்கூட இழுக்கும். கர்ப்பப்பை வாய் 5 சென்ரிமீற்றர் விரிந்த பிறகுதான் வேகமான கட்டம் தொடங்குகிறது என்று இப்போது கொள்கிறார்கள். அதற்குப் பிறகும் முதற்பிள்ளைக்காரிக்கு 12 மணித்தியாலம் வரை எடுக்கலாம். மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் விரியத்தான் வேண்டும் என்ற பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் உங்களைப் பயமுறுத்த விடாதீர்கள். அந்த ஆரம்ப நேரத்தில் குளியுங்கள், கஞ்சி குடியுங்கள், நித்திரை வந்தால் படுங்கள். சீரகத் தண்ணி கொடுத்து, பொய்க் குத்தா மெய்க் குத்தா என்று அம்மா பார்க்க விரும்பினால் பார்க்கட்டும், அதில் கெடுதி இல்லை. ஆமணக்கெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். வயிற்றோட்டத்தில் களைத்துப்போய், குத்தும் தாறுமாறாக வந்து, பிரசவம் தொடங்கும் முன்பே சக்தி போய்விடும்.

குத்து ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடமளவு நீடித்து, ஒரு மணித்தியாலம் அப்படியே வந்தால் புறப்படுங்கள். உங்கள் கிளினிக்கில் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள். சிலவற்றுக்குக் குத்தை எண்ணிக்கொண்டு இருக்கவே கூடாது. பன்னீர்க்குடம் உடைந்தால், அதிலும் தண்ணீர் பச்சையாகவோ கபிலமாகவோ வந்தால் உடனே போங்கள். இரத்தம் போனாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும், கடுமையான தலையிடியோ கண் மங்கலோ காய்ச்சலோ வந்தாலும், 37 வாரத்துக்கு முன் குத்து வந்தாலும் அப்படித்தான். வாகனம் இல்லையென்றால் 1990-க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

லேபர் ரூமில் அம்மாவின் கைக்குத்தான் வேலை அதிகம். குத்து வரும்போது இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற தட்டையான இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து நல்லாக அழுத்தச் சொல்லுங்கள். தடவுவது போதாது, அழுத்த வேண்டும். இதை இன்றைக்கே கணவரோடு பழகிப் பாருங்கள். எந்த இடம், எவ்வளவு பலம் என்று உங்களுக்குத்தான் தெரியும். மல்லாக்கப் படுக்காதீர்கள். கர்ப்பப்பையின் பாரம் பெரிய இரத்தக்குழாயை அமுக்கி, உங்களுக்குத் தலை சுற்றும், பிள்ளைக்குப் போகும் இரத்தமும் குறையும். நிற்கலாம், நடக்கலாம், கட்டிலில் கை ஊன்றிக் குனிந்து இடுப்பை ஆட்டலாம், களைத்தால் இடப்பக்கம் சரிந்து படுக்கலாம். இடைக்கிடை மிடறு மிடறாகத் தண்ணீரோ செவ்விளநீரோ. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்க வேண்டும். நிறைந்த சலப்பை பிள்ளை இறங்குவதைத் தடுக்கும்.

கத்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். சத்தம் வரத்தான் செய்யும், அதில் வெட்கமில்லை. வாயை இறுக்கிக் கிரீச்சென்று கத்தினால் உடம்பு முழுக்க இறுகும். தாடையைத் தளர்த்தி, அடிவயிற்றிலிருந்து பசு முனகுவது போல நீளமாக ம்ம்ம் என்று விட்டால் உடம்பும் கூடவே இளகும். அம்மாவும் சேர்ந்து அந்தச் சத்தம் போட்டால் நீங்கள் தானாகப் பின்தொடர்வீர்கள். குத்து வரும்போது அம்மா கதைக்கக் கூடாது. அது போன பிறகு, “இது போயிட்டுது, இனி வராது” என்று சொன்னால் போதும். அந்த ஒரு குத்து திரும்பி வராதுதானே. இன்னும் கொஞ்சம்தான் என்று மணிக்கணக்காகச் சொல்லக்கூடாது, பெரியம்மா மகளுக்கு நடந்த கதையும் அங்கே வேண்டாம். அம்மா அழுதால் நீங்கள் அவரைத் தேற்ற வேண்டி வரும். அழுகை வருகிற ஆள் என்றால் இப்போதே மனம் விட்டுப் பேசி, தைரியமான மாமியையோ அக்காவையோ நியமியுங்கள். இதில் உறவு முறை பார்க்க வேண்டாம்.

சிங்களம் பற்றி. நாலு வசனம் பாடமாக்கினால் போதும்: ரிதெனவா என்றால் நோகுது, லே யனவா என்றால் இரத்தம் போகுது, வத்துர யனவா என்றால் தண்ணீர் போகுது, பபா ஹெல்லென்னே நே என்றால் பிள்ளை அசையவில்லை. அதோடு, தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு சின்னத் தாளில் சிங்களத்தில் சில வரிகள் எழுதி கிளினிக் அட்டையோடு வையுங்கள்: நடமாட விரும்புகிறேன்; அவசியமில்லாமல் பிறப்பு வாயில் வெட்டுப் போட வேண்டாம்; தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டுங்கள்; பிள்ளையை உடனே என் நெஞ்சில் போடுங்கள். இவை எல்லாமே உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறவைதான். ஆகவே தயங்காமல் கேட்கலாம். ஏதாவது செய்யப் போகும்போது “மிஸ், இது எதுக்கு?” என்று அம்மா அமைதியாகக் கேட்கட்டும். சண்டையாகக் கேட்டால் கதவு மூடிவிடும். யாராவது வயிற்றின் மேல் ஏறி அமுக்க வந்தால் மட்டும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அப்படி அமுக்கக் கூடாது என்பதே இன்றைய பரிந்துரை.

எல்லாவற்றையும் மீறிப் பிள்ளை வீட்டிலேயே வந்துவிட்டால்? முதற்பிள்ளையில் அரிது, ஆனாலும் தெரிந்திருங்கள். 1990-க்கு எடுத்துவிட்டு கதவைத் திறந்து வையுங்கள், ஒருவர் லிஃப்டைப் பிடித்துக்கொள்ளட்டும். தலையை இழுக்க வேண்டாம், கையில் ஏந்தினால் போதும். உலர்ந்த துவாயால் பிள்ளையை நன்றாகத் துடையுங்கள், அழாவிட்டால் முதுகை உரமாகத் தேயுங்கள், பிறகு உங்கள் வெறும் நெஞ்சில் போட்டு இருவரையும் மூடுங்கள். கொடியை இழுக்கவும் வேண்டாம், வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டவும் வேண்டாம். பால் குடிக்க விடுங்கள், அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும்.

அம்மாவை 37 வாரத்துக்கே வரச் சொல்லுங்கள். குத்து வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வந்ததும் ஒரு கிளினிக்குக்குச் சேர்ந்து போங்கள். அங்குள்ள மிஸ்மாருக்கு அவர் முகம் தெரிந்திருக்கட்டும். பிள்ளையோடு வீட்டுக்கு வந்த அன்றே உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸுக்கு ஒரு கோல் எடுங்கள். முதல் பத்து நாளுக்குள் அவர் இரண்டு தடவையாவது வந்து பார்க்க வேண்டும்.