மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்: எங்கே சேரலாம்? கேள்வி பதில்

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சிருக்கேன். வண்ணார்பேட்டைல ரெண்டு இடத்துல விசாரிச்சேன். ரெண்டு பேருமே மூணு மாசம், நூறு சதவீதம் வேலைன்னு சொல்லுதாங்க. எதுல சேர?

டாக்டர்கள், பெரும்பாலும் அமெரிக்க டாக்டர்கள், நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்த ஆடியோவைக் (டிக்டேஷன்) கேட்டு மருத்துவ அறிக்கையாக டைப் அடிப்பதுதான் இந்த வேலை. அதனால் முதலில் இதைக் கேளுங்கள், தம்பி: "மொத்தம் எத்தனை மணி நேர டிக்டேஷன் ஆடியோ தருவீங்க? அதை யார் திருத்துவாங்க?" பதில் மணிக்கணக்கில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். "மெட்டீரியல் எல்லாம் தந்துருவோம்" என்று மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

உடற்கூறியல், நோய்ப் பெயர், மருந்துப் பெயர் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. விலங்கியல் படித்தவருக்குப் பாதி தெரிந்ததுதான். நாம் காசு கொடுப்பது காதைப் பழக்க. அமெரிக்க மருத்துவமனைகளில் இந்திய, பிலிப்பைன்ஸ், ஸ்பானிஷ் வழி டாக்டர்களும் பேசுவார்கள். சிலர் ஓட்டமாக ஓட்டுவார்கள், சிலர் வாயில் எதையோ மென்றுகொண்டே முணுமுணுப்பார்கள். தெளிவான ஆடியோவிலேயே பழக்கினால் வேலைக்குப் போன முதல் வாரமே திணற வேண்டியதுதான். ஆபரேஷன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, கன்சல்டேஷன் என்று எல்லா வகையும் இருக்கிறதா பாருங்கள்.

தென்காசி: டெமோ கிளாஸ்ல என்னத்தக் கவனிக்கணும்?

மாணவர் அடித்து, ஆசிரியர் திருத்திய ஒரு ஃபைலைக் காட்டச் சொல்லுங்கள். சிவப்புக் கோடு மட்டும் இருந்தால் போதாது, ஏன் தப்பு என்று எழுதியிருக்க வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பும் இலியம். காதுக்கு ஒன்றுதான், ஆங்கில எழுத்தில் முன்னதற்கு நடுவில் 'ஈ' (ileum), பின்னதற்கு 'ஐ' (ilium). வாக்கியத்தில் வயிறா எலும்பா என்று பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அதேபோல் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. 5 மில்லிகிராமை 5.0 என்று அடிக்கக் கூடாது, புள்ளி கண்ணில் படாவிட்டால் 50 ஆகிவிடும். அரை மில்லிகிராம் என்றால் 0.5, முன்னால் பூஜ்யம் கட்டாயம். கேட்காத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் பிளாங்க் விடச் சொல்லித் தருகிறார்களா என்றும் பாருங்கள். கால் பெடல் வைத்துப் பழக்கும் இடம் நல்லது. ஆடியோவை நிறுத்த ஒவ்வொரு தடவையும் கையை எடுத்தால் வேகம் வராது.

சங்கரன்கோவில்: டைப்பிங் தெரியாது. அங்கேயே சொல்லிக் கொடுப்பாங்களாம்.

அந்தக் காசுக்கு டைப்பிங்கா? ஊரில் இருக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதலில் சேருங்கள். ஆங்கிலம் லோயர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. ஹையர் வேகம் வந்தபின் இந்தப் படிப்புக்கு வாருங்கள். பல கம்பெனிகளில் சம்பளம் வரிக்கணக்கு; இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. கை மெதுவாக இருந்தால் வருமானமும் மெதுவாகத்தான் வரும்.

அம்பாசமுத்திரம்: தம்பி, எம் மக படிக்கா. ராத்திரி வேலைதானா?

பெரும்பாலும் ஆமாம்க்கா, அங்கே பகல் நமக்கு ராத்திரி. பகல் ஷிஃப்டும், வீட்டிலிருந்து வேலையும் சில கம்பெனிகளில் உண்டு. சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்குநேரி: ஏஐ வந்துட்டே, இனிமே இதைப் படிக்கலாமா?

வெறும் கேட்டு அடிக்கிற வேலையை நம்பிச் சேர வேண்டாம், அது சுருங்கிவிட்டது. இப்போது மென்பொருள் வரைவு தரும், நாம் ஆடியோவோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். 'நெஞ்சுவலி இல்லை' என்பதில் 'இல்லை' விழுந்துவிடும், இடது வலதாகும். படிக்க வழவழவென்று இருப்பதால் இந்தத் தப்பு கண்ணில் படாது. ஆகவே எடிட்டிங் பயிற்சி இல்லாத பள்ளியை ஒதுக்குங்கள். கூடவே நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் மெடிக்கல் கோடிங் அடிப்படையும் சொல்லித் தந்தால் நல்லது; அதற்கும் இதே உடற்கூறியல்தான்.

வள்ளியூர்: ஒரிஜினல் மார்க் ஷீட் கேக்காங்க. அமெரிக்க சர்டிபிகேட் தருவாங்களாம்.

ஒரிஜினலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். அமெரிக்கச் சான்றிதழ் என்றால் அங்குள்ள துறைச் சங்கம் தேர்வு வைத்துத் தருவது. நம்மூர் இன்ஸ்டிட்யூட் அதை அச்சடித்துக் கொடுக்க முடியாது. ஃபீஸைத் தவணையாகக் கட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொன்னால், எந்த வேலை, கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். போன பேட்ச்சில் வேலைக்குப் போன இரண்டு பேரிடம் நீங்களே பேசுங்கள். பணம் கட்டியபின் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.