தொப்பியை விடுங்கள், ஆளைப் பாருங்கள்

கேள்வி: பிரிட்டனில் லேபர் கட்சி உருவாகக் காரணமாக இருந்த கெய்ர் ஹார்டி, சுரங்கத் தொழிலாளியின் தொப்பியோடு பார்லிமெண்டுக்குள் நுழைந்தார் என்று படித்தேன். பதவி வந்தும் எளிமை மாறாத அந்த மாதிரித் தலைவர் தொழிற்சங்கங்களில் இனி வருவாரா? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: முதலில் அந்தத் தொப்பியைக் கழற்றி வைத்துவிடுவோம். 1892 ஆகஸ்டில் ஹார்டியின் தலையில் இருந்தது சுரங்கத் தொப்பியே இல்லை. மான் வேட்டைக்குப் போகும் கனவான்கள் போடுகிற, முன்னும் பின்னும் விளிம்பு வைத்த தொப்பி. உடம்பில் ட்வீட் சூட்டு. மற்ற உறுப்பினர்கள் பளபளக்கும் பட்டுத் தொப்பியும் நீளக் கோட்டுமாக வந்த இடத்தில் அது கண்ணை உறுத்தியது, பத்திரிகைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற போலீஸ்காரர், "கூரை வேலைக்கு வந்தாயா?" என்று கேட்டதாகவும், "இல்லை, கீழே அவையில்தான் வேலை" என்று இவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. நல்ல கதைதான். ஆனால் தொப்பியை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே.

அப்புறம் அந்த 'எளிமை'. வசதி இருந்தும் வேண்டாம் என்பவருக்குத்தான் அந்த வார்த்தை பொருந்தும். ஹார்டி 1856-ல் ஸ்காட்லாந்தின் லானர்க்ஷயரில், கல்யாணமாகாத ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குப் பிறந்தவர். பின்னால் அம்மா ஒரு கப்பல் தச்சரை மணந்தார். ஹார்டி என்ற பெயர் அவர் தந்தது. பையன் எட்டு வயதுக்குள் வேலைக்குப் போய்விட்டான். கிளாஸ்கோவில் ஒரு ரொட்டிக் கடையில் எடுபிடியாக இருந்தபோது நடந்ததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு வேலை இல்லை, தம்பி சாகக் கிடக்கிறான், அம்மா நிறைமாதம். இந்தப் பையனின் கூலி ஒன்றுதான் வீட்டுக்கு வருமானம். ராத்திரி கண்விழித்ததில் காலையில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. முதலாளி மாடிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேலே குடும்பமே ஜெபத்தில் இருந்தது. முடியும்வரை வெளியே நில் என்றார்கள். ஜெபம் முடிந்து உள்ளே போனால், சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்தியுள்ள அந்த முதலாளி அங்கே வைத்தே வேலையிலிருந்து நீக்கினார். அபராதமாக அந்த வாரக் கூலியையும் பிடித்துக்கொண்டார்.

பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கம். காற்று போய்வரும் கதவைத் திறந்து மூடுவது வேலை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பெரியவனானதும் அதே சுரங்கத்துக்குள் ஒரு கல்லை விளக்குப் புகையில் கறுப்பாக்கி, குண்டூசியால் கீறிச் சுருக்கெழுத்துப் பழகினார். எழுதப் படிக்கத் தெரிந்தவன், கூட்டத்தில் எழுந்து பேசுகிறவன் என்றதும் மற்ற தொழிலாளிகள் அவரை முன்னால் தள்ளினார்கள்; சுரங்க முதலாளிகள் வெளியே தள்ளினார்கள். தம்பிகளுக்கும் சேர்த்து வேலை போயிற்று. ஏர்ஷயரில் கம்னாக் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தார். 1886-ல் ஏர்ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். சம்பளம் வருஷத்துக்கு 75 பவுன்.

இந்த 75-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1888-ல் மிட் லானர்க் இடைத்தேர்தல் வந்தது. லிபரல் கட்சியிடம் சீட்டு கேட்டார், கிடைக்கவில்லை. தனியாக நிற்கிறேன் என்றதும் சமாதானத் தூது வந்தது: இந்த முறை விலகிக்கொள், பொதுத்தேர்தலில் நல்ல தொகுதி தருகிறோம், வருஷத்துக்கு 300 பவுனும் தருகிறோம். அந்தக் காலத்தில் எம்.பி.க்குச் சம்பளம் கிடையாது, 1911-ல்தான் வந்தது. ஆகவே நாலு மடங்குப் பணத்தோடு சீட்டும் உறுதி. மாட்டேன் என்று சொல்லிவிட்டு நின்றார். 617 ஓட்டு வாங்கிக் கடைசியில் வந்தார்.

எளிமை என்று எதையாவது சொல்வதானால் அந்த 617-ஐச் சொல்லலாம். அதை யாரும் படம் வரையவில்லை.

நாலு வருஷம் கழித்து லண்டன் கிழக்கில் வெஸ்ட் ஹாம் சவுத் தொகுதி அவரை அனுப்பியது. நீங்கள் படித்த தொப்பிக் காட்சி அப்போது நடந்ததுதான். நான் பார்க்கச் சொல்வது 1894 ஜூன் மாதத்தை. 23-ஆம் தேதி வேல்ஸில் கில்வினித் என்ற ஊரில் ஆல்பியன் சுரங்கம் வெடித்தது. ஆண்களும் சிறுவர்களுமாக 290 பேர் செத்தார்கள். அதே நாள் அரச குடும்பத்தில் விக்டோரியா ராணிக்குக் கொள்ளுப்பேரன் பிறந்தான். அடுத்த நாள் பிரெஞ்சு ஜனாதிபதி கார்னோவை ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். சபை பிரான்சுக்கு அனுதாபம் தெரிவித்தது. குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் தயாரானது. சுரங்கத்தில் செத்தவர்களின் குடும்பங்களுக்கும் ஒரு தீர்மானம் போடுங்கள் என்றார் ஹார்டி. சபைக்கு அனுதாபம் இருக்கத்தான் செய்கிறது, தனித் தீர்மானம் எதற்கு என்று சொல்லிவிட்டார்கள்.

28-ஆம் தேதி வாழ்த்துத் தீர்மானம் வந்தபோது எழுந்து எதிர்த்துப் பேசினார். ஊளையும் கூச்சலும். அந்தச் சத்தத்தின் நடுவே அவர் சொன்னதன் சாரம்: இந்தப் பிள்ளையைச் சிறு வயதிலிருந்தே துதிபாடிகள் சூழ்ந்திருப்பார்கள், மற்ற மனிதர்களைவிட உயர்ந்த பிறவி என்று நம்ப வைப்பார்கள், உலகம் சுற்ற அனுப்புவார்கள், அப்புறம் தகுதிக்கு ஒவ்வாத கல்யாணம் என்று வதந்தி கிளம்பும், கடைசியில் செலவை நாடு கட்டும். அந்தக் குழந்தைதான் எட்டாம் எட்வர்டு. உலகம் சுற்றினார், 1936-ல் ஒரு கல்யாணத்துக்காக முடியைத் துறந்தார். ஜோசியம் பலித்தது என்று இதை ரசிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிதில்லை. கூட நிற்க ஒரு ஆள் இல்லாத சபையில் 290 பேருக்காக எழுந்தாரே, அது பெரிது. அடுத்த வருஷமே தொகுதியில் தோற்றார்.

அதற்காக அவரைச் சாமியாக்கிவிட வேண்டாம். 1880-களில் லித்துவேனியாவிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் பிழைக்க வந்த தொழிலாளிகளை, நோயைக் கொண்டுவரும் அழுக்குக் கூட்டம் என்கிற ரீதியில் எழுதியவரும் இவர்தான். கூலியைக் குறைக்க முதலாளிகள் இறக்கிய ஆட்கள் என்ற கோபம் புரிகிறது. கோபத்தை முதலாளியோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டு விஷயத்திலும் அப்படியே. ஊர் ஊராகக் கூட்டம் பேசிய காலமெல்லாம் கம்னாக்கில் பற்றாக்குறைப் பணத்தில் குடும்பம் நடத்தியவர் மனைவி லில்லி. அவருக்கு எந்த ஊரிலும் மாலை போடவில்லை.

1900-ல் வேல்ஸின் மெர்தர் டிட்வில் தொகுதி அவரைத் திரும்ப அனுப்பியது. 1906-ல் 29 தொழிலாளர் பிரதிநிதிகள் ஜெயித்துவந்தபோது, ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அவர்களுக்குத் தலைவரானார். சொல்லப்போனால், நல்ல தலைவர் இல்லை. ஆட்களைச் சேர்த்து அணைத்துப் போகிற வித்தை அவருக்கு வரவில்லை. 1907-ல் இந்தியா வந்தார். பிரிவினையால் கொதித்துக் கிடந்த வங்காளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கனடாவுக்குக் கொடுத்த சுயாட்சியை இந்தியாவுக்கும் கொடு என்கிற மாதிரிப் பேசினார். லண்டன் பத்திரிகைகள் வசைமாரி பொழிந்தன.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்படிப்பட்டவர் வருவாரா என்கிறீர்கள். வந்தவரை என்ன செய்தோம் என்றும் கேட்க வேண்டாமா? 1914 ஆகஸ்டில் யுத்தம் வெடித்தது. இது தொழிலாளியைத் தொழிலாளி கொல்லும் வேலை, வேண்டாம் என்று சொல்லத் தன் தொகுதிக்குள்ளேயே இருந்த அபர்டேர் ஊருக்குப் போனார். சுரங்கத் தொழிலாளிகள் நிறைந்த ஊர். தேசிய கீதம் பாடியும் கூச்சல் போட்டும் பேசவே விடாமல் விரட்டினார்கள். மனம் உடைந்தது, உடம்பும் கெட்டது. 1915 செப்டம்பர் 26-ல் கிளாஸ்கோவில் இறந்தார். பார்லிமெண்டில் இரங்கல் உரை கிடையாது. இரண்டு மாதத்தில் மெர்தரில் இடைத்தேர்தல். யுத்தத்தை உரக்க ஆதரித்த சார்லஸ் ஸ்டான்டன், லேபர் கட்சியின் வேட்பாளரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்கடித்தார். அந்த ஸ்டான்டனும் சுரங்கத் தொழிற்சங்கக்காரர்தான்.