கல்லாவில் வரும் கணக்கு நோட்டில் ஏன் வரவில்லை?

கேள்வி: நாங்கள் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் கல்லாவில் உட்கார்ந்தால் பைசா பிசகாமல் மீதி கொடுக்கிறான். தேர்விலோ கழித்தலிலேயே மதிப்பெண் போகிறது. டியூஷன் வைக்கலாமா, டீச்சர்?
- ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: டியூஷனுக்கு அவசரம் வேண்டாம் அம்மா. உங்கள் பையனுக்குக் கணக்கு வருகிறது. கடையில் போடுவதும் நோட்டில் போடுவதும் ஒன்றுதான் என்று யாரும் அவனுக்குக் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான்.

பிரேசிலின் ரெசிஃபி நகரில், தெருவில் விற்கும் சிறுவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 1985-இல் வெளிவந்தது. ஒரு தேங்காய் 35 குரூசேரோ (அப்போதைய பிரேசில் நாணயம்), பத்துக் காய் எவ்வளவு என்று கேட்டார்கள். 12 வயதுப் பையன் 35-க்குப் பின்னால் பூஜ்யம் போடவில்லை. மூன்று காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று கூட்டிக்கொண்டே போய் 350 என்றான். அந்தப் பிள்ளைகள் விற்கிற இடத்தில் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றி 2025-இல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். அதனால், கடைக்குக் கூட்டிப்போனாலே கணக்கு வந்துவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடைக்கும் நோட்டுக்கும் நடுவில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும்.

எப்படி என்றால், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்: உளுந்து கிலோ 140 ரூபாய், முக்கால் கிலோ எவ்வளவு? "அரை 70, கால் 35, மொத்தம் 105" என்பான். அவன் சொன்ன வரிசையிலேயே தாளில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் 140 × 3/4 என்று நீங்கள் எழுதுங்கள். அப்புறம் 200 ரூபாய்க்கு மீதி. 105-லிருந்து 110-க்கு 5, அங்கிருந்து 200-க்கு 90, ஆக 95 என்று ஏறிக்கொண்டே போவான். நோட்டில் 200-லிருந்து 105-ஐக் கழிக்கும்போது கடன் வாங்கத் தெரியாமல் ஒவ்வொரு இடத்திலும் சின்ன இலக்கத்தைப் பெரிய இலக்கத்திலிருந்து எடுத்து 105 என்று எழுதுகிற பிள்ளைகள் ஏராளம். தப்பு என்று சிவப்பு மையால் கோடு போடாதீர்கள். "105 ரூபாய்க்குச் சாமான் கொடுத்து, 105 ரூபாய் மீதியும் கொடுப்பாயா?" என்று கேளுங்கள். அவனே திருத்துவான். வாடிக்கையாளர் முன்னால் மட்டும் கேட்கவே கேட்காதீர்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்பு மகள் 0.5-ஐவிட 0.25 பெரியது என்கிறாள். காசு வைத்துச் சொல்லித்தரலாமா?
- ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: இதற்குக் காசு சரிப்படாது. 2.5 ரூபாயை "இரண்டு ரூபாய் ஐந்து பைசா" என்று படிக்கும் பிள்ளைகள் உண்டு. காய்கறிக் கடை எலக்ட்ரானிக் தராசைக் காட்டுங்கள். கால் கிலோவுக்கு 0.250, அரைக் கிலோவுக்கு 0.500 என்று காட்டும். எது கனம் என்று அவள் கைக்கே தெரியும். அப்புறம் தட்டில் வைக்கும் முன்பே கேளுங்கள்: இந்த நாலு தக்காளி 0.3-ஐத் தாண்டுமா, 0.25-க்குள் நிற்குமா?